கொட்டகைச் சுவரில் அக்கா பெயர்

6 டிசம்பர் 1998, ஞாயிறு

அன்புள்ள ஓரின்,

ஏழு வாரமாக என் போனை எடுக்கிறாய், "ம்" என்கிறாய், வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் சாப்பாட்டு மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் ஊர் வழியாகத்தான் போனேன். என் நீதிபதி பதவிக்கு ஏப்ரலில் மறுபடி தேர்தல். வேட்புமனுவுக்கு வாக்காளர் கையெழுத்து வாங்க வடக்கே போக வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை வளைவில் உன் மாட்டுக் கொட்டகையைப் பார்த்ததும் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். போன தேர்தலுக்கு நீ கயிற்றில் தொங்கிக்கொண்டு மூன்று நாள் எழுதினாயே, "ஆர்டிஸ் டோலெஃப்சன், மேல்முறையீட்டு நீதிபதி" என்று ஆளுயர எழுத்தில்? அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் உற்றுப் பார்த்தால் அடித்த சுண்ணாம்பு பாதி கரைந்து, "ஆர்டி" வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. அழுதுகொண்டே சிரித்தேன். அக்காவின் பெயரை அழிக்கிற வேலையைக்கூட உனக்கு உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே!

கொட்டகை உன்னுடையது. அதில் என் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீயும் டெலோரஸும் வந்தால் போதும். லெஃப்சா ரொட்டி சுட்டுவைக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு.

உன் அக்கா,
ஆர்டிஸ்


14 டிசம்பர்

அக்காவுக்கு,

கடுதாசி வந்துச்சு. டெலோரஸ் அதை நான் கஞ்சி குடிக்கிற கிண்ணத்துக்கு முன்னாடி சாத்தி வச்சா. நீங்க ரெண்டு பேரும் கூட்டு.

நேராவே சொல்லிடறேன். எனக்குக் கோவம் அந்தத் திருடனை நீ விட்டதுல இல்லை. பதினாலு கிடேரியை ராத்திரியோட ராத்திரியா ஓட்டிட்டுப் போனவன் அவன்தான்னு ஜூரியில உட்கார்ந்த பன்னண்டு பேர் ஒரே குரல்ல சொன்னாங்க. அதை நீயும் உன்கூட இருந்த ரெண்டு நீதிபதியும் சேர்ந்து ரத்து பண்ணீங்க. சரி, அது உங்க உத்தியோகம். ஆனா தீர்ப்பை எழுதினது நீ. அதுல நீ என் சிநேகிதன் லைல் மூக்கை உடைச்சே. அதுதான் எனக்கு ஆறலை.

லைல் என்ன தப்புப் பண்ணான்? ஜூரியில உட்கார்ந்தான். நாற்பது நிமிஷத்துல மாடு ஏத்தற டிரெய்லரை இழுத்துக்கிட்டு அந்தப் பண்ணையிலேருந்து சந்தைக்குப் போக முடியுமான்னு எல்லாரும் குழம்பினாங்க. இவன் சாயங்காலம் தன் சொந்த டிரக்குல, சொந்த பெட்ரோல்ல, ஸ்டாப்வாட்சை வச்சு ஓட்டிப் பார்த்தான். முப்பத்தெட்டு நிமிஷம். மறுநாள் போய்ச் சொன்னான். கஷ்டப்பட்டு உண்மையைக் கண்டுபிடிச்சவனைப் போய், "ஜூரியின் நடத்தை விசாரணையைக் கெடுத்தது"ன்னு நீ எழுதிட்டே. பேப்பர்ல போட்டாங்க. இப்ப அவன் காப்பி குடிக்கப் போனாக்கூட "எத்தனை நிமிஷத்துல குடிச்சே?"ங்கறாங்க. மனுஷன் சீட்டாட வர்றதே இல்லை. முப்பது வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாம வந்தவன்.

கிறிஸ்துமஸுக்கு வரலை. மாடு கன்னு போடற நேரம்.

ஓரின்

பி.கு. சுண்ணாம்பு சரியாப் பிடிக்கலை. நேரம் கிடைச்சா இன்னொரு பூச்சு அடிப்பேன்.


24 ஜனவரி 1999

அன்புள்ள ஓரின்,

நீ வரவில்லை. லெஃப்சாவை எல்லாம் நானே தின்று ஒரு சுற்று பெருத்துவிட்டேன். பழி உன் தலையில்.

நேற்று உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற போட்டி. ஓட்டுக் கேட்கப் போனவளை, "நீதிபதிதானே, நீங்களே அளங்க" என்று நடுவராக நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர், இரண்டு விரால் சைஸ் பைக் மீன், பார்வைக்கு இரண்டும் ஒரே நீளம். பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரியில் மண்டி போட்டு அளந்து, கால் அங்குலத்தில் தீர்ப்புச் சொன்னேன். தோற்றவர், "அப்பீல் உண்டா?" என்றார். "உண்டு, ஆனா அதுவும் என்கிட்டதான் வரும்" என்றேன். அங்கே மட்டும் ஒரு நாற்பது ஓட்டு கிடைத்திருக்கும்.

மற்றபடி நிலைமை நன்றாக இல்லை. உன்னிடம் மறைத்து என்ன? என்னை எதிர்த்து நிற்கிற மெரிட் கோலர் பழைய அரசு வக்கீல். ரேடியோவில் மணிக்கொருதரம் மாடு கத்துகிறது, அப்புறம் ஒரு கனத்த குரல்: "மாட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட நீதிபதி!" மறுவிசாரணை மே மாதம். அது முடியும்வரை அந்த வழக்கைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. அடிக்கிறவருக்கு இரண்டு கை, எனக்கு வாயையே கட்டிப்போட்டிருக்கிறார்கள். தோற்றுவிடுவேன் என்றுதான் என் அலுவலகத்திலேயே நினைக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி, ஓரின். எனக்கு அந்த வேலை உயிர்.

உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அச்சில் வந்த தீர்ப்பின் ஏழாம் பக்கத்தில் இருப்பதுதான், புதிதாக எதுவும் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறுகிற எவரையும் இரண்டு பக்கமும் கேள்வி கேட்கலாம். லைலை யாரும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாலை காய்ந்திருந்ததா? பின்னால் இழுத்த வண்டியில் மாடு இருந்ததா? யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு பேரும் அவரை நம்பினார்கள், அவர் நல்லவர் என்பதால். அவர் நல்லவர்தான். என் கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தவரை எனக்குத் தெரியாதா?

ஆர்டிஸ்


9 பிப்ரவரி

அக்கா,

சிரிக்காதே. என்னை ஜூரிக்குக் கூப்பிட்டுட்டாங்க.

காலையில நாலரைக்குப் பால் கறந்துட்டு, குளிச்சும் மாட்டு வாசனையோடதான் போய் உட்கார்ந்தேன். வக்கீல் கேட்டார், "சொந்தக்காரங்க யாராவது நீதித்துறையில இருக்காங்களா?"ன்னு. "எங்க அக்கா மேல்முறையீட்டு நீதிபதி"ன்னேன். ரெண்டு வக்கீலும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. "அவங்ககூட வழக்கு விஷயமெல்லாம் பேசுவீங்களா?"ன்னு கேட்டார். "பேச்சுவார்த்தையே கிடையாது"ன்னேன். கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜும் வாயைப் பொத்திக்கிட்டார். ரெண்டு பக்கமும் என்னை வச்சுக்கிட்டாங்க. உன்கூடச் சண்டை போட்டதுக்குக் கிடைச்ச ஒரே பலன் இது.

கேஸ் என்னன்னா, பால் டேங்கர் ஒண்ணும் பிக்கப் ஒண்ணும் மோதி


(இந்த இடத்துல டெலோரஸ் பேனாவைப் பிடுங்கிட்டா. எழுதக்கூடாதாமே? இருந்தாலும் அனுப்பறேன், பேப்பர் வீணாகும்.)

ஓரின்


11 பிப்ரவரி, அவசரத் தபால்

ஓரின்!

நிறுத்து! ஒரு வார்த்தை எழுதாதே. நீ எழுதினால் உங்கள் ஜட்ஜுக்கு நானே தகவல் சொல்லவேண்டி வரும். அப்புறம் "தம்பியைக் காட்டிக்கொடுத்த நீதிபதி" என்று கோலர் அதற்கும் ஒரு மாட்டைக் கத்தவிடுவார். டெலோரஸுக்கு என் முத்தம். அவள் இல்லாவிட்டால் நீ என்றைக்கோ ஜெயிலில் இருந்திருப்பாய்.

வானிலை எழுது. சாப்பாடு எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஆர்டிஸ்


14 பிப்ரவரி

அக்கா,

வானிலை: குளிர். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் பனிப்புயல், கோர்ட் மூடிட்டாங்க.

சாப்பாடு: ஹாம் சாண்ட்விச். மறுநாளும் ஹாம் சாண்ட்விச். அதுல இருந்த சீஸை எங்க ஊர்ல எலிக்குக்கூட வைக்கமாட்டாங்க. பால்காரங்க இருக்கிற மாவட்டத்துல இப்படி ஒரு சீஸா? இதுக்கு அப்பீல் எங்கே போடறது?

இன்னொண்ணு. இதுவும் கேஸ் விஷயம் இல்லை, ரோடு விஷயம். நான் கோர்ட்டுக்கு நேர்வழியில போறதில்லை. சர்ச் ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போறேன். போகப் பதினோரு மைல் கூடுதல், வரப் பதினோரு மைல். ஏன்னு கேட்காதே. நேர்வழியில ஒரு முக்கு இருக்கு. என் கண்ணு சும்மா இருக்காது, என் சட்டைப் பையில எப்பவும் கிடக்கிற அளக்கற டேப்பு அதைவிடச் சும்மா இருக்காது. அந்தப் பதினோரு மைலும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் ஓட்டறேன்.

ஓரின்


18 பிப்ரவரி

அக்கா,

முடிஞ்சுது! நேத்து சாயங்காலம் தீர்ப்புச் சொன்னோம். "இனிமே யார்கிட்ட வேணும்னாலும் பேசலாம்"னு ஜட்ஜ் சொல்லிட்டார். முதல்ல உன்கிட்டதான் பேசறேன்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் மாசம், முக்குல மக்காச்சோளம் ஆளுயரம். டேங்கர் ஓட்டினவன் "சோளம் மறைச்சுது, நிறுத்தற பலகை தெரியலை"ங்கறான். பிக்கப்காரன் கை உடைஞ்சு கிடக்கான், "தெரிஞ்சிருக்கும்"ங்கறான். சர்வே பண்ணவர் வந்து தெரியும்னு அடிச்சுச் சொன்னார். நாங்க எல்லாரும் தலையை ஆட்டிட்டோம். அப்ப எதிர்ப்பக்க வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்கே உட்கார்ந்து பார்த்தீங்க?" அவர் தன் கார்ல உட்கார்ந்து பார்த்திருக்கார். டேங்கர் சீட்டு அதைவிட மூணரை அடி உசரம். சோளத்துக்கு மேலயே தெரியுமாம், ஆனா மரக்கிளை மறைக்குமாம். அந்த ஒரு கேள்வியில மொத்தமும் வேற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு உன் ஏழாம் பக்கம் ஞாபகம் வந்துச்சு. கடுப்பாத்தான் இருந்துச்சு.

கேளு, முக்கியமானது இனிமேதான். ஜூரி அறையில கதவைச் சாத்தி மூணு மணி நேரம். ஆறுக்கு ஆறு. எங்களோட ஒரு தையல் டீச்சர், மிஸஸ் பீட்டர்மன், எழுபது வயசு. அந்தம்மா என் சட்டைப் பையைக் காட்டி, "ஓரின், அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க. நாளைக்குக் காலையில வர்ற வழியில இறங்கி நானே அளந்துட்டு வந்துடறேன், சந்தேகமே வேண்டாம்"னாங்க. பத்துப் பேரும் "ஆமா, நல்ல யோசனை"ங்கறாங்க.

நான் டேப்பை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு எழுந்து நின்னுட்டேன். "டீச்சர், உட்காருங்க! நீங்க அளந்தீங்கன்னா எங்க அக்கா இந்தக் கேஸையே கிழிச்சுக் குப்பையில போட்டுடுவா!"ன்னு கத்திட்டேன். வெளியில நின்ன காவலர் கதவைத் தட்டினார், என்ன சத்தம்னு.

"உங்க அக்கா யாரு?"ன்னு ஒருத்தர் கேட்டார். "நெடுஞ்சாலை வளைவுல, கொட்டகையில பாதிப் பேரு தெரியுதே, அவதான்"னேன். பன்னண்டு பேரும் அந்த வழியா வர்றவங்கதான். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் கூண்டுல என்ன கேட்டோமோ அதை மட்டும் வச்சுப் பேசினோம். ரெண்டு பேர் மேலயும் பாதிப்பாதி தப்புன்னு முடிவாச்சு. அது சரிதான், அக்கா. சத்தியமாச் சொல்றேன், அது சரியான தீர்ப்பு.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்கலை, நேத்து ராத்திரியே லைல் வீட்டுக்கு நானே சீட்டுக்கட்டை எடுத்துட்டுப் போனேன். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன், அன்னைக்கு வண்டியில மாடு இருந்துச்சான்னு. சீட்டைக் கலைக்கறதை நிறுத்திட்டு, கட்டைக் கீழ வச்சான். அப்புறம்... வேண்டாம், இதோட நிறுத்திக்கறேன்.

ஓரின்


28 பிப்ரவரி

என் தங்கமே,

கடைசிப் பத்தியை மை ஊற்றி அழித்துவிட்டேன். நல்லவேளை, நீயே பாதியில் நிறுத்திவிட்டாய். அந்த வழக்கு மறுபடி மேலே வந்தால் நான் அதில் உட்காரமாட்டேன் என்று தலைமை நீதிபதிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னால் எனக்கு எத்தனை வேலை பார்!

ஆனால் மீதிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. பன்னிரண்டு வருடத்தில் அறுநூறு தீர்ப்பு எழுதியிருப்பேன். அவை எங்கே போகின்றன, யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. வக்கீல் படிப்பார், தோற்றவர் திட்டுவார், அலமாரியில் தூங்கும். முதல்முறையாக ஒரு தீர்ப்பு நடந்துபோய் ஒரு ஜூரி அறையில் எழுந்து நின்றிருக்கிறது, மாட்டு வாசனையோடு. நான் தோற்றாலும் பரவாயில்லை என்று எழுத வந்தேன். பொய். தோற்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் இனிமேல் தோற்றாலும் தூக்கம் வரும்.

தேர்தல் ஏப்ரல் ஆறாம் தேதி. நாலாம் தேதி ஈஸ்டர். வா. மாடு, கன்று, புயல் எந்தச் சாக்கும் செல்லாது. லைலையும் அழைத்து வா என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. நான் எழுதியது சட்டப்படி சரி. ஆனால் அவர் பெயரை எழுதாமல், "ஒரு ஜூரர்" என்று எழுதியிருக்கலாம். வழக்கு எண்ணைப் பார்க்கிற அவசரத்தில் மனுஷனைப் பார்க்கவில்லை. அது என் தப்பு. இதை அவரிடம் சொல்.

ஆர்டிஸ்


21 மார்ச்

அக்கா,

சொன்னேன். கடுதாசியையே அவன் கையில குடுத்துட்டேன். படிச்சான், மடிச்சான், தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டான், திருப்பித் தரலை.

நேத்து சனிக்கிழமை நல்ல வெயில், ஐம்பத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட். மத்தியானம் வாசல்ல சங்கு ஊதுது. வெளியில வந்து பார்த்தா ஊர்த் தீயணைப்பு வண்டி! லைல்தான் தொண்டர் படைக்குத் தலைவன்னு உனக்குத் தெரியுமே. "வருஷாந்திரப் பயிற்சி, எங்கேயாவது தண்ணி அடிச்சுப் பார்க்கணும்"ங்கறான், முகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம. குழாயைத் திருப்பி என் கொட்டகைச் சுவர்ல அடிச்சான் பாரு! சுண்ணாம்பெல்லாம் பாலாட்டம் வழிஞ்சு ஓடுது. ஆர்டிஸ் வந்துச்சு, டோலெஃப்சன் வந்துச்சு, கடைசியில நீதிபதியும் வந்துச்சு. ஆறு வருஷப் பெயின்ட், புதுசாட்டம் நிக்குது.

கூத்து என்னன்னா, தீயணைப்பு வண்டி எங்க வீட்டு வாசல்ல நிக்கறதைப் பார்த்துட்டு, கொட்டகை பத்திக்கிச்சுன்னு ரோட்ல போறவன் வர்றவனெல்லாம் வாளியோட ஓடி வந்துட்டான். மிஸஸ் பீட்டர்மன் கம்பளியோட வந்து இறங்கறாங்க. எரியலைன்னு தெரிஞ்சும் ஒருத்தரும் போகலை. டெலோரஸ் முப்பத்தஞ்சு பேருக்குக் காப்பி போட்டா. டீச்சர் என் கதையை நடிச்சே காட்டினாங்க, டேப்பைப் பொத்திக்கிட்டு நான் கத்தினதை. கோலருக்கு ஓட்டுப் போடறதா இருந்தவங்க ரெண்டு பேர் எனக்குக் கை குடுத்தாங்க. ஏன்னு நான் கேட்கலை.

எல்லாம் முடிஞ்சதும் லைல் ஸ்டாப்வாட்சைப் பையிலேருந்து எடுத்தான். "சுவர் கழுவ இருபத்திரண்டு நிமிஷம்"னான். "ரோடு ஈரம். வண்டியில மாடு இல்லை. யாருக்காவது கேள்வி இருந்தா இப்பவே கேட்டுக்குங்க." அக்கா, முப்பத்தஞ்சு பேர் சிரிச்ச சிரிப்புல மாடெல்லாம் மிரண்டு போச்சு. சாயங்காலம் பாலே சரியா வரலை.

ஈஸ்டருக்கு மூணு தட்டு கூடுதலா வை. அக்கார்டியனும் வருது.

ஓரின்


8 ஏப்ரல்

என் அருமைத் தம்பி,

ஜெயித்துவிட்டேன்! இருபத்தாறு மாவட்டமும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது ஓட்டு வித்தியாசம். ராத்திரி பத்தரைக்கு கோலரே கூப்பிட்டு, "உங்க தம்பியோட டேப் கதை எல்லா மாவட்டமும் சுத்திடுச்சு, அவர்தான் என்னைத் தோற்கடிச்சார், அவரை எங்கே பிடிச்சீங்க?" என்றார். "பிறக்கும்போதே கொடுத்துட்டாங்க, மாற்றித் தரமாட்டாங்களாம்" என்றேன். நல்ல மனுஷன், சிரித்தார்.

ஈஸ்டர் அன்று லைல் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும், நான் வாய் திறப்பதற்குள், "முதல்ல சாப்பிடலாம், ஜட்ஜ், உருளைக்கிழங்கு ஆறிடும்" என்றதும் நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. இன்னும் ஆறு வருடம் எழுதப்போகிறேன். ஒவ்வொன்றையும் லைல் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுவேன்.

உங்கள் ஊர்க் கணக்கைத் தனியாக வாங்கிப் பார்த்தேன். எனக்கு 212, கோலருக்கு 9. அந்த ஒன்பது பேர் யாராம்? கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆசை யாரை விட்டது?

ஒரு குறை. அந்தச் சுண்ணாம்பு. ஒரு மழைக்கே கரைகிற சரக்கை எவன் உன் தலையில் கட்டினான்? ஐம்பத்தேழு வயதில் ஒரு சுவருக்குப் பூச்சு வாங்கத் தெரியவில்லையே உனக்கு!

உன் அக்கா,
ஆர்டிஸ்


12 ஏப்ரல்

அக்கா,

அந்த ஒன்பது பேரை எனக்குத் தெரியும். அதுல ரெண்டு பேர் என் காப்பியைக் குடிச்சவங்க. சொல்லமாட்டேன். ஜூரி அறையில பழகிட்டேன்.

காலையில பால் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு, "ஜெயிச்சீங்களா, ஜட்ஜ்?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டுட்டுப் போறான். ஊர் முழுக்க நான்தான் நின்னேன்னு நினைப்பு போல. மறுக்கலை.

சுண்ணாம்பு விஷயம். என் தலையில யாரும் கட்டலை. அக்டோபர்ல, உன் தீர்ப்பு பேப்பர்ல வந்த அன்னைக்கே, கண்ணு மண்ணு தெரியாத கோவத்தோட கடைக்குப் போனேன். கடைக்கார டுவேன் ரெண்டு டப்பாவை எடுத்து வச்சான். "இது எண்ணெய்ப் பெயின்ட், இருபது வருஷம் நிக்கும், உள்ள என்ன இருந்துச்சுன்னே தெரியாது. அது வெறும் சுண்ணாம்பு, மூணு மழைக்குத் தாங்காது, ஓரின், அதை வாங்காதே"ன்னான். கடை வாசல்ல வண்டியை ஓடவிட்டுட்டு, ரெண்டையும் பார்த்துக்கிட்டு நின்னேன், அக்கா. கோவம் அப்பவும் கொஞ்சம்கூடக் குறையலை.

"சுண்ணாம்பையே குடு"ன்னேன்.

உன் தம்பி,
ஓரின்